செட்டிநாட்டுப் பழைய வீட்டில் மூலை வெடிப்பு: நில அதிர்ச்சி வந்தால் தாங்குமா?

வளவுக்காரர்:
இரண்டு தட்டு வீடு, ஒன்றரை அடி செங்கல் சுவர், சுண்ணாம்புக் கட்டு. முகப்புச் சுவரும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் நெட்டுக்கு வெடிப்பு. மேலே விரல் நுழைகிறது, கீழே வரவர முடி அளவு. மெத்தையில் (மாடித் தளத்தில்) நாலடிக் கைப்பிடிச்சுவர், அதன்மேல் சுதைச் சிற்பங்கள். சிமெண்ட் அடைத்துப் பூசினால் போதும் என்கிறார் கொத்தனார். நம் பக்கம் பூமி ஆடாதுதானே?

கட்டடப்பொறி:
2016-ஆம் ஆண்டு இந்திய நில அதிர்வு வரைபடத்தில் காரைக்குடி வட்டாரம் இரண்டாம் மண்டலம், ஆபத்து குறைவுதான். ஆனாலும் 1900 பிப்ரவரியில் கோவைப் பக்கம் 6 அளவில் ஆடியது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலுக்குள் 5.5.

மேலே அகன்ற வெடிப்பு என்றால் பெரும்பாலும் முகப்புச் சுவர் வெளியே சாய்கிறது. ஓட்டுக்கூரை தள்ளியிருக்கலாம், மழைத்தண்ணீர் இறங்கி அஸ்திவாரம் அமர்ந்திருக்கலாம். ஆட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் சுவரைப் பக்கச் சுவர்தான் பிடித்து நிறுத்தும். உங்கள் வீட்டில் அந்தப் பிடி விட்டுப்போயிருக்கிறது. பூசினால் வெடிப்பு மறையும், பிடி திரும்பாது.

வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் சாந்தில் பதித்துத் தேதி எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது உடைந்தால் முதல் வேலை அஸ்திவாரத்திலும் தண்ணீர் போகும் வழியிலும்தான்.

சுண்ணாம்புவேலை:
சிமெண்ட் வேண்டவே வேண்டாம் ஐயா. சுண்ணாம்புக் கட்டைவிட அது இறுகல், அடுத்த வெடிப்பு அதன் ஓரத்திலேயே விடும். ஈரம் வெளியேறாமல் உப்பு பூத்துச் செங்கல் பொரியும்.

வெடிப்பைச் சுரண்டி, தூசி போகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஓரடிக்கு ஒரு குழாய் பதித்து, இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் மூடுங்கள். சலித்த சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கரைத்த கூழைக் கீழ்க்குழாயில் விடவேண்டும். மேல்குழாயில் எட்டிப் பார்த்ததும் கீழதை அடைத்துவிட்டு மேலே போங்கள். உயரத்தில் வைத்த வாளியின் அழுத்தமே போதும், பம்பு வைத்தால் பூச்சு உப்பிக் கழன்றுவிடும். பிறகு பத்து நாளாவது ஈரச்சாக்கு.

வளவுக்காரர்:
நன்றி. உள்ளே முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதைத் துளைக்காமல் சுவரை இழுத்துக் கட்ட முடியுமா?

கட்டடப்பொறி:
முடியும். பக்கச் சுவரின் வெளிமுகத்தை ஒட்டி, தளமட்டத்தில் ஒன்றும் கூரைமட்டத்தில் ஒன்றுமாகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஓடட்டும். கனத்தைக் கணக்குப் போட்டுத்தான் சொல்லவேண்டும். இரு முனையிலும் அகலத் தகடு, நடுவில் கம்பியை இறுக்கும் திருகு. தொய்வு எடுத்ததும் நிறுத்துங்கள். மேலும் முறுக்கினால் தகட்டடியில் சுண்ணாம்பு நொறுங்கும். சுத்தி அடிக்கும் துளைப்பான் கூடாது, சுழல்வது மட்டும்.

அதற்கும் முன்னால் கைப்பிடிச்சுவரைக் கவனியுங்கள். உச்சியில் ஆட்டம் அதிகம், அதைப் பிடிக்க மேலே எதுவும் இல்லை. பயந்து தலைவாசல் வழியாக ஓடிவருகிறவர்கள் தலையில்தான் அது விழும். சிற்பத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து ஊதினால் சுதை பிளக்கும், தட்டினால் பொள்ளென்று கேட்கும். அவற்றை இறக்கிக் கம்பி மாற்றுங்கள். சுவருக்குப் பின்னால் சாய்வு முட்டு கொடுக்கும்போது அடிமுனையை உத்திரத்தோடு போல்ட் போடவேண்டும். தளத்தில் பதித்த தட்டோட்டில் மட்டும் நிறுத்தினால் பெயர்ந்து வந்துவிடும்.