சொப்பு சாமானை பின் மெஷின்ல போட்டேன், ரோஸ் கலர்ல வெளிய வருது

காரைக்குடிக்காரன்:
அண்ணன்மாரே ஒரு சந்தேகம். அப்பத்தா கல்யாணத்துக்கு சீர்ல வந்த பித்தளை சொப்பு சாமான் ஒரு டப்பா நிறைய இரண்டாங்கட்டு அறையில கெடந்துச்சு, குட்டி இட்லிப் பானை, கரண்டி, தூக்குச்சட்டி எல்லாம் கருப்பேறி. புளி போட்டு தேய்க்க விரல் உள்ளயே போகாது. நம்ம பத்தர் கடையில வெள்ளிக் கொலுசு கழுவுற மேக்னடிக் பின் மெஷின் இருக்குல்ல, கீழ காந்தத் தட்டு சுத்தும், மேல சட்டியில தலைமுடி மாதிரி பின் பறக்குமே அது, அதை ஒரு நாளைக்கு கேட்டு வாங்கிட்டு வந்தேன். சுடுதண்ணி, சிட்ரிக் ஆசிட் கை நிறைய, ஒரு மணி நேரம் ஓட்டுனேன். அழுக்கு போச்சு ஆனா பாதி சாமான் செம்பு மாதிரி ரோஸா இருக்கு, பளபளப்பும் இல்ல. அதே டப்பாவுல ஐயா காலத்து காலி பித்தளைத் தோட்டா ரெண்டு இருந்துச்சு, 12 போர் துப்பாக்கியோடது, அதையும் சேத்துப் போட்டேன், இப்ப அதுக்குள்ள பின் மாட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. மெஷின் கோளாறா?

பத்தர் வீட்டுப் பையன்:
மெஷின் மேல பழி போடாதீங்க தம்பி. கை நிறைய ஆசிட்னா அது கழுவுறது இல்ல, ஊறப்போடுறது. பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும் கலந்தது, புளிப்பு ரொம்ப நேரம் நின்னா துத்தநாகம் மொதல்ல கழண்டுரும், மேல செம்பு மட்டும் நிக்கும். இன்னொண்ணு, தூக்குச்சட்டி கைப்பிடியில இரும்பு ஆணி அடிச்சிருக்கா பாருங்க. ஆசிட் தண்ணியில கரைஞ்ச செம்பு இரும்பு கூட சேந்தா பக்கத்துல இருக்குற சாமான் மேலயே வந்து ஒட்டும். எங்க அப்பா ஆசிட் சட்டியில இரும்பு இடுக்கி விட்டா அடிக்கவே வருவாரு, அதுக்குத்தான். இப்ப ஆசிட் இல்லாம பாத்திரம் கழுவுற சோப்பு நாலு சொட்டு மட்டும் விட்டு 20 நிமிஷம் ஓட்டுங்க, ரோஸ் நிறைய போயிரும். கண்ணாடிப் பளபளப்பு எதிர்பாக்காதீங்க, பின்னு குத்திக் குத்தித்தான் சுத்தம் பண்ணுது, ஒரு மாதிரி மங்கலாத்தான் நிக்கும். பளபளப்புக்கு பஃபிங்தான், அதாவது சுத்துற துணிச் சக்கரத்துல வச்சு மெருகேத்துறது. மாட்டுன பின்னை இழுக்காதீங்க, வாளித் தண்ணிக்குள்ள தலைகீழா வச்சு ஆட்டுனா விழும். அப்புறம் செல்போன், வாட்ச் பக்கத்துல வேண்டாம், வீட்ல பேஸ்மேக்கர் வச்சவங்க இருந்தா அவங்களும் தள்ளியே இருக்கணும்.

தேவகோட்டை ரிடையர்டு:
தம்பி, அந்தத் தோட்டா விஷயம் யாரும் பேசலையே. மொதல்ல பின்பக்கம் நடுவுல குட்டி மூடி மாதிரி இருக்குற கேப்ல, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கிற மருந்து இருக்குற எடத்துல, துப்பாக்கி ஊசி குத்துன பள்ளம் இருக்கா? இல்லைன்னா அது இன்னும் சுடாததா இருக்கலாம், கையே வைக்காதீங்க, ஸ்டேஷன்ல சொல்லிருங்க. பள்ளம் இருந்தாலும் சும்மா இல்ல, 1959 ஆயுதச் சட்டத்துல தோட்டாவோட பாகமும் தோட்டா கணக்குலதான் வரும், ஐயா பேர்ல இருந்த துப்பாக்கி லைசென்ஸ் என்னாச்சுன்னு வீட்ல கேளுங்க. வெளிநாட்டுல சுட்ட தோட்டா உறையை இதே மெஷின்ல போட்டு கழுவுறவங்க கேப்பை கழட்டிட்டுத்தான் போடுவாங்க, அப்பத்தான் கேப் இருந்த குழியும் சுத்தமாகும். கேப் மருந்துல ஈயம் உண்டு, ரொம்பப் பழசுன்னா பாதரசம். அந்தத் தண்ணியிலயா குழந்தைக வாயில வைக்கிற சொப்பைக் கழுவுனீங்க? தண்ணியை முத்தத்துல ஊத்தாதீங்க, சொப்பை எல்லாம் புதுத் தண்ணியில தனியா கழுவுங்க, கிளவுஸ் போட்டுக்கங்க.

இன்னொரு சங்கதி, யாராவது அம்மோனியா விட்டா பளிச்சுன்னு வரும்னு சொன்னா கேக்காதீங்க. வெள்ளக்காரன் காலத்துல நம்ம நாட்டுல குதிரை லாயத்துல வச்ச பித்தளைத் தோட்டா மழைக்காலம் வந்தா தானா கீறல் விட்டுச்சாம், குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அம்மோனியாதான்னு 1921லதான் கண்டுபிடிச்சாங்க. தகடு அடிச்சு செஞ்ச சொப்புக்கும் அதே கதிதான்.

பள்ளத்தூர் ஆச்சி:
எதுக்கப்பா இம்புட்டு அவசரம். முனீஸ்வரன் கோயில் தெருவுல பழஞ்சாமான் வாங்குறவங்க அந்தக் கருப்பு நெறத்தைத்தான் பாப்பாங்க, புதுசாட்டம் வெளுத்தா விலை போகாது. கொலுவுக்குன்னா சரி. கழுவுனதும் நம்ம போர் தண்ணியிலயே காய விடாத, வெள்ளை வெள்ளையா திட்டு நிக்கும், கடைசியா கேன் தண்ணியில அலசி உடனே துணியால துடைச்சிரு.

காரைக்குடிக்காரன்:
ஆணி இருந்துச்சு அண்ணே! தூக்குச்சட்டி ரெண்டுலயும். அதைத் தனியா எடுத்துட்டு சோப்பு மட்டும் விட்டு ரெண்டு தடவை ஓட்டுனேன், மஞ்சள் திரும்பிருச்சு, இட்லிப் பானை மூடி மட்டும் இன்னும் லேசா ரோஸ். தோட்டா ரெண்டுலயும் பள்ளம் இருக்கு, கவர்ல கட்டி வச்சிருக்கேன், அப்பச்சி நாளைக்கு ஸ்டேஷனுக்கு கொண்டு போறாங்க. ஆச்சி, விக்கிறதுக்கு இல்ல, கொலுவுக்குத்தான். பத்தர் பின்னை எடை போட்டுத்தான் குடுத்தாரு, இப்ப 3 கிராம் குறையுது, ஒண்ணு ரெண்டு குடத்துக்குள்ள கிணுகிணுன்னு கேக்குது.