முத்துலட்சுமி ரெட்டி 1930-இலேயே பதவி விலகிவிட்டார் என்றால், 1947-இல் வந்த சட்டம் எப்படி அவருடையது ஆகும்?

திருக்கோகர்ணத்துக்காரி:

எங்களுக்குப் புதுக்கோட்டை. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி. ஊர்க்காரராயிற்றே என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி நானே எழுதிக் கொடுத்தேன். "சட்டமன்றத்தில் நுழைந்தார், தேவதாசி முறையை ஒழித்தார்" என்று தொடக்கமும் கம்பீரமாகத்தான் இருந்தது. மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆண்டுகளை வரிசையாக எழுதிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். "அம்மா, இவர் 1927-இல் அவையில் உட்கார்ந்தார், 1930-இல் எழுந்து வந்துவிட்டார். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல். நடுவே 17 வருடம் இருக்கிறது. ஒழித்தது யார்?" புளி கரைத்துக்கொண்டிருந்த எனக்குப் பதில் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போட்டி வெள்ளிக்கிழமை.

மலைக்கோட்டை வக்கீல்:

இன்னொரு விஷயத்தையும் உங்கள் மகளிடம் சொல்லிவிடுங்கள். அவர் தேர்தலில் நின்று வென்றவர் அல்லர். அரசு நியமித்த உறுப்பினர். பிரிட்டிஷ் அரசு பார்த்துக் கொடுத்த நாற்காலி. நாம்தான் அதைப் பெரிதுபடுத்திக்கொண்டிருக்கிறோம்.

பழைய கணக்கர்:

அம்மா, முதலில் உங்கள் மகளுக்கு என் பாராட்டு. மேடையில் பேசுகிற பெரியவர்களுக்கே இந்தக் கணக்கு தோன்றுவதில்லை.

வக்கீல் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. நியமனம்தான், மறுக்கவில்லை. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-இலேயே வாக்குரிமை வந்துவிட்டது. ஆனால் அவையில் அமரும் வழி திறந்தது 1926-இல்தான். அந்தத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய நின்று குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். பிறகுதான் இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் முத்துலட்சுமி நியமிக்கப்பட்டார். நோயாளிகளை விட்டுவிட்டு வர அவருக்கு முதலில் மனமில்லை. இதுவரை நீங்கள் சொல்லும் 'கொடுத்த நாற்காலி' சரி. அவைக்குப் போனதும் உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்களே, அந்த நாற்காலி யார் கொடுத்தது?

இனி அந்த 17 வருடம். நான் வருவாய்த் துறையில் 31 ஆண்டு குப்பை கொட்டியவன். இந்த விவகாரம் எனக்கு வரலாற்றுப் புத்தகம் வழியாகத் தெரிந்ததல்ல, பதிவேட்டின் வழியாகத் தெரிந்தது. அதனால் நிலத்திலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவிரிப் பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்தில் பதிவறை என் பொறுப்பில் இருந்தது. 1860-களில் மானிய நிலங்களை விசாரித்த இனாம் கமிஷன் என்ற அரசுக் குழு தயாரித்த பதிவேடு அங்கே உண்டு. தொட்டால் ஓரம் உதிரும். வெறுங்கையால் புரட்டக் கூடாது என்று முந்தைய கணக்கர் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். ஒரு கோயிலின் பக்கத்தைத் திறந்தால் மானியங்கள் வரிசையாக நிற்கும். மேளக்காரருக்கு இவ்வளவு, பூக்கட்டுபவருக்கு இவ்வளவு, அதே வரிசையில் தாசிக்கு இவ்வளவு. எதிர்க் கட்டத்தில் நிபந்தனை: ஊழியம் நடக்கிறவரை அனுபவிக்கலாம்.

அந்தக் கட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். பாட்டிக்குக் கால் ஓய்ந்துவிட்டால், வீட்டில் இன்னொரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டியாக வேண்டும்; இல்லாவிட்டால் நெல் வராது. பக்தி எவ்வளவு, வயிறு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

முத்துலட்சுமி 1927 நவம்பரில் அவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் என்பது அரசுக்குச் செய்யும் பரிந்துரை, அவ்வளவுதான். அது நிறைவேறியது, மேடைப் பேச்சாளர்கள் எல்லோரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் அவர் அடுத்துச் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவைத் தானே கொண்டுவந்து, 1929-இல் அதைச் சட்டமாக்கினார். சாரம் இதுதான்: நிலம் அந்தப் பெண்ணிடமே இருக்கும், கோயிலுக்கு ஒரு தொகை கட்டினால் போதும், ஊழியம் செய்யத் தேவையில்லை. அதாவது அந்த எதிர்க் கட்டத்தை அடித்துவிட்டார். டாக்டர் அல்லவா, கட்டி எங்கே வேர் விட்டிருக்கிறது என்று பார்த்துக் கத்தி வைத்திருக்கிறார்.

இந்தத் திருத்தம் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யவில்லை. அதற்கும் ஒரு மசோதா தயார் செய்தார். அதற்குள் 1930 வந்துவிட்டது. உப்புச் சத்தியாகிரகம், காந்தி கைது. அதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். மசோதா கிடப்பில் போயிற்று. அவைக்கு வெளியே நின்று மனு, கூட்டம், கட்டுரை என்று இழுத்துக்கொண்டே போனார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947-இல்தான் முழுத் தடை வந்தது. ஆகவே 'ஒழித்தார்' என்ற ஒற்றைச் சொல் வேண்டாம். 1929-இல் நிலத்தின் கட்டை அவிழ்த்தார், 1947-இல் மற்றவர்கள் கதவைச் சாத்தினார்கள் என்று உங்கள் மகள் பேசட்டும்.

புதுக்கோட்டைக்காரரான உங்களுக்காக ஒன்று. உங்கள் ஊர் அப்போது தனிச் சமஸ்தானம். 1948-இல்தான் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. சென்னையில் அவர் போராடி நிறைவேற்றிய 1929 திருத்தம் அவர் பிறந்த ஊரைக் கட்டுப்படுத்தவில்லை. அவருடைய தாயார் சந்திரம்மாள் தேவதாசிச் சமூகத்தில் பிறந்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வீணை மாணவி:

கணக்கர் ஐயா அழகாகச் சொன்னார், ஆனால் ஒரு பக்கம் விடுபட்டுவிட்டது. மசோதாவை எதிர்த்து மனு கொடுத்தவர்களில் அந்தப் பெண்களே இருந்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்கள் சங்கத்தின் குரலாக இருந்தார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டியெழுப்பியவர் அவர்தான். எங்களுக்குக் கல்வி கொடுங்கள், பிழைக்க வழி காட்டுங்கள், எங்களை மொத்தமாக இழிவாகப் பேசாதீர்கள் என்றார்கள். சொத்துரிமை, மகளைத் தத்தெடுக்கும் உரிமை, படிப்பு, இசை எல்லாம் அவர்களிடம் இருந்தன. சீர்திருத்தம் பேசியவர்கள் இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டார்களா?

பழைய கணக்கர்:

நியாயமான கேள்வி, தங்கச்சி. அந்தப் பதிவேட்டில் வரிவரியாகப் பெண்கள் பெயரில் நிலம் இருந்தது தாசி மானியப் பக்கங்களில்தான். அதுவும் தாய் பெயரோடு: இன்னாள் மகள் இன்னாள். வேறு பக்கங்களில் பெண் பெயர் வந்தால் அநேகமாக விதவையாக இருப்பாள். அதே புல எண்களைப் பிந்தைய பட்டா மாறுதல்களில் தேடினேன். பாதிக்கு மேல் மகன்கள் பெயருக்கோ வெளியார் பெயருக்கோ போயிருந்தன. அந்த ஒரு கோயில் கணக்கைத்தான் சொல்கிறேன், மாகாணம் முழுவதற்கும் பேசவில்லை. சட்டம் நிலத்தைப் பெண்ணிடம் விட்டது. அவள் கையில் அது தங்க வழி செய்யவில்லை.

படிப்பு விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆதரவற்ற பெண்கள் தங்கிப் படிக்க அவர் தொடங்கிய அவ்வை இல்லத்துக்கு முதலில் இடம் கொடுத்தது அவருடைய சொந்த வீடுதான்.

மலைக்கோட்டை வக்கீல்:

துணைத் தலைவர் தேர்வு எனக்கு நினைவில் இல்லை. நாற்காலி வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நியமனம் நியமனம்தான்.

திருக்கோகர்ணத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. முதல் வரியை மகளே அடித்துவிட்டாள். உதிரும் பதிவேட்டிலிருந்து தொடங்கப் போகிறாளாம். நாகரத்தினம்மாளையும் சேர்க்க வேண்டும் என்கிறாள், மூன்று நிமிடம்தான் இருக்கிறது. கணக்கர் ஐயா, அவளுக்கு ஒரு சந்தேகம்: இனாம் என்று சொல்வதா, மானியம் என்று சொல்வதா?

பழைய கணக்கர்:

இரண்டும் வேண்டாம் அம்மா. இனாம் என்றால் குடமும் குக்கரும் நினைவுக்கு வரும், மானியம் என்றால் எரிவாயு உருளை. 'ஊழியத்துக்காக விடப்பட்ட நிலம்' என்றே சொல்லச் சொல்லுங்கள். நடுவர்களை நம்பி எதையும் விட முடியாது.