ஆகஸ்ட் லீவில் பிள்ளைகளுக்குப் பூங்காவில் ஒரு பின்னேரம்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள் (திருகோணமலை)

கோட்டைவாசல் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். கம்பஸ் தொடங்கும் வரை வீட்டில் சும்மாதானே இருக்கிறான் என்று எங்கள் ஒழுங்கைக்காரர் ஒரு பெரிய வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். லீவு விட்டதிலிருந்து பிள்ளைகள் காலையில் ரியூசன், மத்தியானத்துக்குப் பிறகு போன் என்று கிடக்கிறார்கள். லண்டனிலும் கனடாவிலும் இருந்து கோடை விடுமுறைக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் ஃபேனுக்குக் கீழே இருந்து எழும்புவதே இல்லை. டச் பே பக்கமுள்ள சின்னப் பூங்காவில் ஒருநாள் எல்லாரையும் கூட்டி விளையாட்டு, சாப்பாடு, கொஞ்சம் பாட்டு என்று வைப்போம் என்பது யோசனை.

அறுபது பேர் வரை வருவார்கள். ஐந்து வயதும் உண்டு, பதினாறு வயதும் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள்தான் கூட, முஸ்லிம் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு சேர்த்த காசு 40,000 ரூபா. பெரியவர்கள் மேடை, பந்தல், பிரதம விருந்தினர், வரவேற்பு நடனம் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதற்கே காசு முடிந்துவிடும். எத்தனை மணிக்குத் தொடங்குவது? எந்த விளையாட்டு எடுபடும்? பெரிய பிள்ளைகளை எப்படி உள்ளே இழுப்பது? பூங்காவுக்குள் மான்களும் வந்து நிற்கும், அதையும் யோசிக்க வேண்டும்.

வில்லூன்றி அக்கா:

தம்பி, முதல் வேலையாக அந்த மேடையை வெட்டுங்கள். பெரியவர்கள் கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் இதைச் சில வருடங்களாகச் செய்து வருகிறோம். நான் முன்பள்ளி ரீச்சர் என்றபடியால் சின்னதுகள் என் பொறுப்பு. ஒரு வருடம் பிரதம விருந்தினர் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி ஐந்தரைக்கு வந்தார். அதுவரைக்கும் பிள்ளைகள் புதுச்சட்டை கசங்காமல் பிளாஸ்டிக் கதிரையில் வரிசையாக இருந்தார்கள். அவர் பேசி முடிக்கவும் இருட்டவும் சரி. அன்று பூங்காவில் ஓடி விளையாடியது மான்கள் மட்டும்தான்.

நேரத்தைக் கேட்டீர்கள். மூன்றரைக்கு வரச் சொல்லுங்கள், நாலுக்குத் தொடங்கும். ஆகஸ்டில் ஆறேகால் தாண்டித்தான் பொழுது படும், அந்த இரண்டு மணித்தியாலம் காணும். காலை பத்து மணி என்று யாராவது சொன்னால் கேட்கவே வேண்டாம். கச்சான் காற்று வீசுகிற காலம், தரையே வெக்கை கக்கும். பூங்காவின் இரும்புச் சறுக்கியில் மத்தியானம் கையை வைத்துப் பாருங்கள், தெரியும். பின்னேரமும் அந்தக் காற்று லேசில் விடாது. கடதாசிக் கோப்பை, கடதாசித் தட்டு, பானர் எல்லாம் பறக்கும், அதனால் அவற்றுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். இன்னொன்றைக் கவனியுங்கள்: இந்த மாதத்தில் கடல் குளம் போலத் தட்டையாகக் கிடக்கும், ஆனால் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் தள்ளும். பிளாஸ்டிக் பந்து தண்ணீரில் விழுந்தால் நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் வெளியே போகும், பிள்ளை அதன் பின்னால் போகும். பந்து விளையாட்டைப் பூங்காவின் வீதிப் பக்கம் வேலியோடு வைத்து, கடல் பக்கம் இரண்டு பெரியவர்களை நிற்க வையுங்கள். அவர்களுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டாம், படம் எடுக்கிற வேலை கூட.

முதல்நாளே போய் நிலத்தைப் பாருங்கள். புல் காய்ந்து நெருஞ்சி மட்டும் படர்ந்து கிடக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுகிற பிள்ளைகள் முதல் ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு பெரிய சணல் சாக்கை நனைத்து, கயிறு கட்டி, நிலம் முழுக்க இழுங்கள். முள் சாக்கில் ஏறிவிடும். வேலை முடித்துச் சாக்கைப் புரட்டினால் எப்படித்தான் இதில் பிள்ளைகளை ஓட விட நினைத்தோம் என்று இருக்கும்.

சின்னதுகளுக்குத் தேசிக்காய் ஓட்டம், சாக்கு ஓட்டம், யானைக்குக் கண் வைத்தல் போதும். யானையைக் கடதாசியில் கீற வேண்டாம், காற்றில் கிழியும். பழைய கரும்பலகை ஒன்றை மரத்தில் சாய்த்துச் சோக்கால் கீறுங்கள். கண்ணைக் கட்டிய பிள்ளை வாலுக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது எல்லாரும் சிரிப்பார்கள், அதுவும் சிரிக்கும். பரிசு எல்லாருக்கும் ஒரே சாமான் கொடுங்கள். பென்சில், ரப்பர், கச்சான் பக்கற் ஒன்று. முதலாம், இரண்டாம், மூன்றாம் இடமெல்லாம் பள்ளிக்கூடத்து விளையாட்டுப்போட்டிக்கு இருக்கட்டும்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினை. பதின்மூன்று தாண்டிய பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள். இவர்கள் வருவார்கள், வந்து மதில் ஓரமாக நின்று போனைப் பார்ப்பார்கள். சங்கீதக் கதிரைக்குக் கூப்பிட்டால் வெட்கம், நடனத்துக்குக் கூப்பிட்டால் வீட்டுக்கே போய்விடுவார்கள். எங்களுக்குக் கைகொடுத்தது கிளித்தட்டு, கோடுகளில் நிற்கிற காவலைத் தாண்டி ஓடுகிற விளையாட்டு. மண்வெட்டியால் கோட்டைக் கீறித் தண்ணீர் ஊற்றினோம், வெறுங்காலுக்குச் சுண்ணாம்பு வேண்டாம் என்று. பிள்ளைகள் யாரும் அசையவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர், பேரப்பிள்ளையைக் கூட்டி வந்தவர், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய்க் கிளியாக நின்றார். நடுக்கோட்டிலும் சுற்றுக்கோட்டிலும் கிளி மட்டும் ஓடலாம், மற்றக் காவல்காரர் தங்கள் குறுக்குக்கோட்டை விட்டு அசையக் கூடாது, அதனால் கிளிதான் விளையாட்டின் உயிர். ஆச்சி ஓடவில்லை. நடுக்கோட்டில் இரண்டு எட்டு வைத்து ஏமாற்றி, உள்ளே வந்த பெடியன் முதுகில் ஒரு அடி போட்டார், அந்தச் சத்தம் வீதிக்குக் கேட்டிருக்கும். அப்புறம் மதில் ஓரத்தில் ஒருவரும் இல்லை. போன்கள் எல்லாம் என் கைப்பைக்குள் வந்து சேர்ந்தன. லண்டனிலிருந்து வந்த ஒரு பிள்ளை கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டு 'பழம், பழம்' என்று கத்திக்கொண்டு திரும்பியது, அதற்குத் தமிழே சரியாக வராது.

ஆகவே உங்கள் ஒழுங்கையில் கிளித்தட்டு தெரிந்த அம்மம்மா, பெரியம்மா யாரென்று இப்போதே விசாரியுங்கள். உங்கள் பிரதம விருந்தினர் அவர்தான்.

அனுமதியை மறக்க வேண்டாம். பூங்கா யாருடைய பொறுப்போ அந்தச் சபைக்கு ஒரு கடிதம், ஒலிபெருக்கி போடுவதானால் பொலிஸ் அனுமதி. சின்ன விசில் ஒன்று இருந்தால் ஒலிபெருக்கியே தேவையில்லை என்பது என் கட்சி.

கிண்ணியா நானா:

அக்கா சொன்னதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. தேதி விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன் தம்பி. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் லீவு விடுவதால் தவணை நாட்காட்டி உங்களுடையதோடு எப்போதும் ஒத்துப்போகாது. உங்கள் பிள்ளைகளுக்கு லீவாக இருக்கும் நாளில் என் மகனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கலாம். கிழமை நாளை விட்டுச் சனிக்கிழமை வையுங்கள். ஞாயிறு காலையில் அறநெறி, சிங்களப் பிள்ளைகளுக்குத் தஹம் பாசல் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வகுப்பு இருக்கும். போயா நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஃரிப் தொழுகைக்கு முன் முடித்தால் எங்கள் பிள்ளைகள் கடைசி வரை நிற்பார்கள். பொழுது பட்ட பிறகுதான் பரிசு என்று வைத்தால், பாதியில் எழும்பிப் போகிற பிள்ளைக்கு மனசு கஷ்டமாக இருக்கும். சாப்பாட்டை மரக்கறியாகவே வைத்துவிடுங்கள். எந்தக் கடைக் கோழி, யாருக்கு விரதம் என்ற கேள்வியே வராது. அவித்த சோளம், தாளித்த கடலை, கச்சான், வாழைப்பழம். நிறம் நிறமான ஜெலி இனிப்பு வாங்கினால் ஜெலட்டின் இருக்கிறதா என்று பக்கற்றின் பின்பக்கத்தைப் பாருங்கள். குடிக்க மோர். தம்பலகாமத்துத் தயிர் நல்லதா, கிண்ணியாத் தயிர் நல்லதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, ஆனால் கிண்ணியாவில் வாங்கினால் நானே ஓட்டோவில் கொண்டுவந்து தருவேன்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முந்திய காலம் நினைவு வருகிறது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக டவுனுக்கு வந்தால் பாதையை, அதுதான் ஆட்களை அக்கரைக்கு ஏற்றுகிற மிதவையை, பிடிக்க வேண்டும் என்று வாப்பா பாதி விளையாட்டில் இழுத்துக்கொண்டு போவார். இப்போது என் பிள்ளைகளுக்கு அந்த அவசரம் இல்லை, மஃரிப் மட்டும்தான்.

ஸ்காபரோ சித்தப்பா:

வாசிக்கவே ஆசையாக இருக்கிறது. இங்கே கனடாவில் கோடையில் பூங்காவில் கூடினால் இறைச்சி வாட்டுவதும் கதிரை விரித்து இருந்து ஊர்க்கதை பேசுவதும்தான், பிள்ளைகள் தங்கள் பாட்டில் சைக்கிள் ஓடுவார்கள். ஆனால் முட்டி உடைப்பு இல்லாமல் என்ன கொண்டாட்டம்? பலூனும் வேண்டும். பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் ரீசேட் அடிக்க நான் காசு அனுப்பத் தயார், பின்னால் ஒழுங்கையின் பெயரோடு.

கோட்டைவாசல் தம்பி:

அக்கா, நானா, மிகவும் நன்றி. மேடைக் கதையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், அவர் சிரித்துவிட்டு அப்பாவிடம் சொல்லிவிட்டார். மேடை போய்விட்டது, பிரதம விருந்தினர் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறார். கிளித்தட்டுக்கு எங்கள் பெரியம்மா ஒருவர் வருகிறேன் என்கிறார், முழங்கால் நோவோடு.

சித்தப்பா கேட்ட முட்டியும் பலூனும் எங்கள் பெடியன்களும் கேட்கிறார்கள். மான்களை வைத்துக்கொண்டு அதெல்லாம் செய்யலாமா?

வில்லூன்றி அக்கா:

பலூன் வேண்டாம். உடைந்த துண்டு புல்லுக்குள் கிடக்கும், பொறுக்கி முடியாது, இரவில் கோட்டைப் பக்கமிருந்து வருகிற மான் அதையும் சேர்த்து மேயும். பொலித்தீனில் உப்பு, குழம்பு மணம் இருந்தால் அவை தாளோடு சேர்த்து விழுங்கும், அது வயிற்றில் கட்டியாகி நின்றுவிடும். சோறு சுற்றுகிற பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் 2017இலேயே தடை, ஆனாலும் கடையில் ஏதோ ஒன்றில் சுற்றித்தான் தருகிறார்கள். சோளத்தையும் கடலையையும் வாழையிலைத் துண்டில் கொடுங்கள். இலையை மான் தின்றால் தின்னட்டும். பட்டாசு கொளுத்த விட வேண்டாம், வெருண்ட மான் நேரே வீதிக்குத்தான் பாயும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மானைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வரும், கொம்புள்ள ஆண் மானுக்குக் கிட்டப் போக வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அவை வீட்டு மாடு மாதிரிப் பழகிவிட்டன, அவர்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

முட்டி சரி, சித்தப்பாவுக்காக. ஆனால் கடைசி விளையாட்டாக வையுங்கள். கீழே பெரிய தறப்பாள் ஒன்றை விரித்து, அதற்கு மேல் முட்டியைக் கட்டுங்கள். உடைந்ததும் தறப்பாளை நாலு மூலையில் பிடித்துத் தூக்கினால் ஓடு முழுக்கப் போய்விடும். தடி வீசுகிற பிள்ளையைச் சுற்றிக் கயிறு கட்டிப் பத்தடி தள்ளி மற்றவர்கள் நிற்க வேண்டும்.

ரீசேட் காசைச் சித்தப்பா தண்ணீருக்கு மாற்றித் தந்தால் கும்பிடுவேன். அறுபது பிள்ளைகள் ஓடினால் குடிக்கும் தண்ணீர் நீங்கள் நினைப்பதைவிடக் கூட வேண்டும். தேசிக்காயும் உப்பும் சீனியும் போட்டு ஒரு பெரிய வாளி கரையுங்கள், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புத்தூள் பக்கற் சிலதும் கையில் இருக்கட்டும். தலை சுற்றுகிறது என்று சொல்லும் பிள்ளையை உடனே நிழலில் இருத்துங்கள். அவசரம் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும்.

கரைவலை வீட்டுப் பெண்:

இவ்வளவு கதைத்தும் கயிறு இழுத்தலை ஒருவரும் சொல்லவில்லை! கடையில் நைலோன் கயிறு வாங்க வேண்டாம், பிள்ளைகளின் உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். எங்கள் அப்பாவிடம் கரைவலை இழுத்துப் பழசான தும்புக் கயிறு இருக்கிறது, மொத்தமானது, கைக்கு மெத்தென்று இருக்கும். கடற்கரைப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரு பக்கம் போட்டுவிட வேண்டாம், அவர்கள் குதிக்காலை மண்ணில் புதைத்துப் பின்னுக்குச் சாய்ந்து இழுக்கப் பழகியவர்கள், மற்றப் பக்கம் நிற்கவே மாட்டாது. பிரித்து விடுங்கள். கயிறு வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையிலேயே வந்து எடுக்கலாம், வலை இழுத்து முடிய ஒன்பது மணியாகும். நனைந்திருந்தால் வெயிலில் காயப் போட்டுவிட்டுக் கொண்டுபோங்கள், ஈரக் கயிறு சரியான பாரம்.