கூம்பு வடிவ அடித்தளம்: ரஷ்ய மொழியில் எந்தச் சொல்?

கேள்வி:
காற்றாலைக் கோபுரம் ஒன்றின் கட்டுமானக் குறிப்பை ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்கு மாற்றி வருகிறேன். அதில் ‘கோனிக்கல் ஃபவுண்டேஷன்’ என்னும் தொடர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதை ‘கனீசெஸ்கி ஃபுந்தாமென்த்’ என்பதா, ‘கனீசெஸ்கயே அஸ்னவானியே’ என்பதா? மாஸ்கோவின் அஸ்தான்கினோ கோபுரத்தைப் பற்றிய ரஷ்யக் கட்டுரைகளில் இரண்டாவது தொடரைக் கண்டதால் அதையே கையாளலாம் என எண்ணுகிறேன். ‘பெடஸ்டல்’ (அடித்தளத்தின் மேலெழும் பீடம்), ‘பிளைண்டிங்’ (அடித்தளத்துக்கு அடியில் முதலில் பரப்பும் மெல்லிய கான்கிரீட் படுகை) ஆகியவற்றுக்கும் வழக்கிலுள்ள சொற்களைத் தெரிவித்தால் நன்றியுடையேன்.

பதில் 1:
அஸ்தான்கினோவை இதற்கு முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். 1967-இல் திறக்கப்பட்ட, 540 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரத்தில் ‘கனீசெஸ்கயே அஸ்னவானியே’ எனப்படுவது, பத்துக் கால்களை ஊன்றி 63 மீட்டர் வரை குறுகிக்கொண்டே எழும், தரைக்கு மேலுள்ள கான்கிரீட் கூம்பு; மண்ணுக்குள் உள்ள அடித்தளமோ 5 மீட்டர் ஆழத்தைக்கூட எட்டாத வளையம். மண்ணியல் பொறியாளர் ‘அஸ்னவானியே’ என்று எழுதினால், சுமையை ஏற்கும் மண்ணையோ பாறையையோ குறிக்கிறார். அதன்மேல் வார்க்கப்படும் கான்கிரீட்தான் ‘ஃபுந்தாமென்த்’. எஸ்.பி. 22.13330 என்னும் ரஷ்ய விதித்தொகுப்பு இந்த மண்ணைப் பற்றியதாகையால்தான் அதன் தலைப்பிலும் ‘அஸ்னவானியா’ என்ற பன்மை நிற்கிறது. ஆகவே உங்கள் இரண்டாவது தொடரைப் படிக்கும் தளப் பொறியாளர், மண்ணையே கூம்பாகச் செதுக்க வேண்டும் போலும் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

பிளைண்டிங்குக்கு ‘பெத்தோன்னயா பட்கதோவ்கா’ என்பது நிலைபெற்ற வழக்கு. தூணுக்கு அடியிலுள்ள பெடஸ்டல் ‘பட்கலோன்னிக்’ ஆகும். காற்றாலையில் தூண் இல்லை, எஃகுக் குழாய்தான் நிற்கிறது என்பதால், ‘அடித்தளத்தின் உருளைப் பகுதி’ என்று பொருள்படும்படி விரித்தெழுதுவதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

பதில் 2:
சொல்லைத் தீர்மானிப்பதற்கு முன் அடித்தளத்தின் வெட்டுப்படத்தைப் பாருங்கள். கூம்பு திடமானதா, உள்ளீடற்ற ஓடா? ஐ.எஸ். 9456 (1980) என்னும் இந்தியத் தரக்குறிப்பு பேசும் கூம்பு அடித்தளம் மெல்லிய ஓடு வகையைச் சேர்ந்தது. உச்சி மேல்நோக்கிய அத்தகைய ஓட்டில் தூணின் சுமை சரிவின் வழியே அமுக்கமாக இறங்க, சுற்றுவட்டத்தில் இழுவிசை எழுகிறது. விளிம்பிலுள்ள வளைய உத்தரம் அதைத் தாங்குகிறது. ரஷ்ய மொழியில் அதற்கு ஓடு என்று பொருள்படும் ‘அபலோச்கா’ என்ற சொல் சேர வேண்டும். சேர்க்காவிட்டால் கம்பி அமைப்பின் காரணமே வாசிப்பவருக்கு விளங்காது.

கேள்வி கேட்டவர்:
வெட்டுப்படத்தில் முழுவதும் திடமான கான்கிரீட்டே உள்ளது. அடிப்பகுதி தட்டையான வட்டம். மேற்பரப்பு மட்டும் மெல்லிய விளிம்பிலிருந்து நடுவிலுள்ள பெடஸ்டலை நோக்கிச் சரிவாக ஏறுகிறது.

பதில் 2:
அப்படியானால் அது துண்டித்த கூம்பு. அடித்தளத்தை வளைக்க முயலும் விசையின் அளவான வளைதிருப்புமை நடுவில் மிகுந்து விளிம்பை நோக்கிக் குறைவதால் அங்கே கான்கிரீட்டை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். முதன்முறை வரும் இடத்தில் ‘உஸிச்யோன்னி கோனுஸ்’ வடிவிலான ஃபுந்தாமென்த் என்று முழுமையாக எழுதிவிட்டு, பின்னர் ஃபுந்தாமென்த் என்று மட்டும் எழுதினால் போதும்.

பதில் 1:
‘பேரிங் கெப்பாசிட்டி’ (சுமை தாங்கும் திறன்) வரும் இடங்களையும் ஒருமுறை சரிபாருங்கள். ஆழக்குத்துக் கம்பமானால் ‘நெஸூஷ்சயா ஸ்பசோப்னஸ்த்’ பொருந்தும். உங்களுடையதைப் போல நேரடியாக மண்மேல் அமரும் அடித்தளத்தில், சராசரி அழுத்தத்தோடு ஒப்பிடப்படும் மதிப்பு ‘ரஸ்ச்யோத்னயே சப்ரதிவ்லேனியே க்ரூந்தா’, அதாவது மண்ணின் கணக்கீட்டு எதிர்ப்பு. மண் ஆய்வு அறிக்கையில் ‘கோன் ரெசிஸ்டன்ஸ்’ என்று கண்டால் அதை இந்தக் கூம்போடு சேர்த்துவிட வேண்டாம். அது மண்ணில் அழுத்தி இறக்கப்படும் சோதனைக் கோலின் முனையைப் பற்றியது.