சார்ஜ் லைட்டை எல்இடி ஆக்கியவர்கள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பட்டறைக்குப் பழைய டீசல் அம்பாசடர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பேட்டரி புதுசு, ஆனால் சுத்தமாக இறங்கிவிட்டது. பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. வேறு பேட்டரி கொடுத்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஐடிலில் 12.2 வோல்ட்டைத் தாண்டவில்லை. ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்ததும் ஒரு கட்டத்தில் சட்டென்று 14-க்கு ஏறி, அப்புறம் ஐடிலிலும் அங்கேயே நின்றது. அதைப் பார்த்ததும், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரைக் கழற்ற வேண்டாம் என்று முடிவு செய்தேன். மீட்டர் போர்டை வெளியே இழுத்தால், சார்ஜ் லைட் (சார்ஜ் ஆகாவிட்டால் எரியும் விளக்கு) பல்ப் இருந்த இடத்தில் சிவப்பு எல்இடி!

பலருக்கும் தெரியாத விஷயம் இது. சார்ஜ் லைட் வெறும் எச்சரிக்கை விளக்கு இல்லை. இந்த மாதிரி வண்டிகளில் சாவியைப் போட்டதும் அந்த பல்ப் வழியாகத்தான் ஆல்டர்நேட்டரின் ஃபீல்டு காயிலுக்கு முதல் கரண்ட் போகிறது. அந்தக் காயில் இருக்கும் ரோட்டர், அதாவது உள்ளே சுற்றும் பகுதி, காந்தமானால்தான் சார்ஜ் ஆரம்பிக்கும். 2.2 வாட் பல்ப் ஏறக்குறைய 180 மில்லி ஆம்பியர் விடும். எல்இடியும் அதன் ரெசிஸ்டரும் சேர்ந்து விடுவது 15, 20 மில்லி ஆம்பியர்தான். அது போதாது. வேகமாகச் சுற்றினால் ரோட்டரில் மிச்சமிருக்கும் காந்தமே வேலையைத் தொடங்கிவிடும். ஊருக்குள் மெதுவாக ஓட்டுகிறவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

எல்இடி இருக்கட்டும் என்று வண்டிக்காரர் சொன்னார். சரி என்று, எல்இடி-ரெசிஸ்டர் ஜோடிக்குப் பேரலலாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டேன். வெள்ளைச் செங்கல் மாதிரி இருக்குமே, அதுதான். சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் இருந்தால் அதில் 2 வாட் வரை சூடாகும். அதனால் பிளாஸ்டிக் பக்கம் விடாமல், தகரத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்ததுமே 14 வோல்ட்.

சில வண்டிகளில் கம்பெனியே போர்டில் இந்த ரெசிஸ்டரை வைத்திருக்கும். அதைப் பார்க்காமல் இன்னொன்று சேர்க்காதீர்கள்.

*

நான் மாற்றியது ஆயில் லைட். அப்பாவின் காரில் அது பகல் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. ஆயில் பிரஷர் இறங்கியதைக் கவனிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டினாலும் பேரிங் போய்விடும் என்பதால் இதை விடக்கூடாது என்று தோன்றியது. ஆயில் லைட்டில் மேலே சொன்ன சிக்கல் கிடையாது. பிரஷர் இறங்கினால் சுவிட்ச் எர்த் கொடுக்கும், விளக்கு எரியும், அவ்வளவுதான்.

எல்இடிக்கு ரெசிஸ்டர் கணக்கை 12 வோல்ட்டுக்குப் போடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது 14.4 வரை வரும். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் கழித்தால் 12.4. அதை 680 ஓமால் வகுத்தால் 18 மில்லி ஆம்பியர். ஆனால் ரெசிஸ்டரில் 0.23 வாட் சூடாகும். கடையில் கேட்டதும் எடுத்துத் தருவது கால் வாட் ரெசிஸ்டர். அது விளிம்பில் நிற்கும். அரை வாட் வாங்குங்கள். நான் 1 கிலோ ஓம் போட்டேன்: 12 மில்லி ஆம்பியர், 0.15 வாட். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டு கொதிக்கும். அந்தச் சூட்டில் எல்இடியை முழுக் கரண்ட்டில் ஓட்டாமல் இருப்பதே நல்லது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கண்ணாடி மாதிரித் தெளிவான எல்இடி, பால் நிற மூடி போட்டது இரண்டையும் வாங்கி வந்து பொருத்திப் பார்த்தேன். தெளிவானது நேராகப் பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது, ஓட்டுநர் சீட்டிலிருந்து சாய்வாகப் பார்த்தால் மங்கல். பால் நிறம்தான் சின்னம் முழுவதையும் ஒரே சீராகக் காட்டியது. நிறத்தை மட்டும் இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். சிவப்பு என்றால் உடனே நிறுத்து, நீலம் என்றால் ஹைபீம் என்று எல்லோர் கண்ணும் பழகியிருக்கிறது.

தலைகீழாக 5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் பல எல்இடிகள் தாங்காது. 1என்4007 டயோடு ஒன்றை எல்இடிக்குக் குறுக்கே எதிர்த்திசையில் போட்டு, ஸ்லீவ் மாட்டிவிட்டேன்.

*

இண்டிகேட்டருக்கு மீட்டரில் ஒரே ஒரு விளக்கு உள்ள பழைய வண்டியா? அது பெரும்பாலும் இடது, வலது ஒயர்களுக்கு நடுவில் இருக்கும். எல்இடியில் கரண்ட் ஒரு திசையில்தான் போகும், அதனால் ஒரு பக்கத்துக்கு மட்டுமே மினுங்கும். இரண்டு எல்இடிகளை எதிரெதிராகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டரோடு போட்டேன், இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. வெளியே இருப்பது சாதாரண பல்பாக இருந்தால்தான் இது சரிவரும்.

*

பட்டறைக்காரர் அண்ணா, நானும் சார்ஜ் லைட்டுக்கு எல்இடி போட்டிருக்கிறேன். சார்ஜ் ஆகிறது, ஆனால் ராத்திரியில் விளக்கு லேசாக எரிந்துகொண்டே இருக்கிறது. என்ன காரணம்?

*

தம்பி, முதலில் அந்த 68 ஓமைப் பேரலலாகப் போடுங்கள். வெறும் கசிவுக் கரண்ட் என்றால் அதிலேயே அணைந்துவிடும். அப்புறமும் எரிந்தால் உண்மையாகவே வோல்ட்டேஜ் வித்தியாசம் இருக்கிறது. சிவப்பு எல்இடி 1.7 வோல்ட்டிலேயே மினுங்க ஆரம்பிக்கும். அந்த வோல்ட்டேஜில் பழைய பல்ப் எரிவது கண்ணுக்கே தெரியாது. அதாவது கோளாறு முன்பே இருந்திருக்கலாம், பல்ப் காட்டவில்லை. எஞ்சின் ஓடும்போது, விளக்கின் ஒயர் போய்ச் சேரும் ஆல்டர்நேட்டரின் டி பிளஸ் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அங்கே பேட்டரியைவிடக் குறைவாகக் காட்டினால் உள்ளே டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கழற்றித்தான் ஆக வேண்டும்.