போயிங் போயிங்: மேடையில பாத்தவங்க, நடிச்சவங்க சொல்லுங்க

பால்கனி சீட்டு:
பாரிஸ்ல ஒருத்தன் மூணு ஏர் ஹோஸ்டஸுக்கும் கட்டிக்கறேன்னு சொல்லிட்டு, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாம விமான டைம்டேபிள் வெச்சே சமாளிக்கற நாடகம், தெரியும்ல. 2008ல நியூயார்க் லாங்கேக்கர் தியேட்டர்ல பாத்தேன். வேகமான புது விமானம் வந்து கணக்கெல்லாம் குழம்பிடுச்சு. அவனோட சிநேகிதன் ராபர்ட்டா நடிச்ச மார்க் ரைலன்ஸ் கையில அதுல ஒருத்தியோட ஏர்லைன் பை. ஒளிக்கணும், இடமில்ல. அவர் முகத்துல ஓடின பீதிக்கு அரங்கமே உருண்டுச்சு. என் மனைவி மட்டும் சிரிக்கல. "அந்த மூணு பேருக்கும் யாருங்க பதில் சொல்றது?"ன்னா. இன்னும் எனக்குச் சொல்லத் தெரியல.

லா சப்பல் வாசி:
நான் பாரிசில பிரெஞ்சிலயே பார்த்தனான். மார்க் கமொலெத்தி எழுதி 1960ல மேடையேறினதில அந்த மூண்டு பெண்களுக்கும் ஜானெட், ஜாக்லின், ஜூடித் எண்டு பேர். ஏர் பிரான்ஸ் ஜாக்லினை இங்கிலீசில அலிட்டாலியா கேப்ரியெல்லா ஆக்கிப்போட்டினம். எனக்கு மறக்கேலாதது வேலைக்காரி பெர்த். ஆள் மாற மாறச் சாப்பாட்டையும் மாத்தவேணும். கதவடியில நிண்டு ஒரு பெருமூச்சு விட்டா பாருங்கோ, நான் அவவின்ர பக்கம்தான்.

விங்ஸ் ஓரம்:
பால்கனி சார், உங்க வீட்டம்மா அமெரிக்கப் பொண்ணை மறந்துட்டாங்க. பணக்காரனைக் கட்டிக்கப் போறேன்னு அவளே கிளம்பிடறாளே! அப்ப ஏமாந்தது யாரு? அப்புறம், நியூயார்க்காரங்க எப்பவும் இப்படிச் சிரிக்கல. 1962ல லண்டன் போய் வருஷக்கணக்கா ஓடின நாடகம் 1965ல பிராட்வேல 23 காட்சியோட மூட்டை கட்டிச்சு.

என் கதை சின்னது. ஒரு அமெச்சூர் குழுவுல மேடைக்குப் பின்னாடி இருந்தேன். தாழ் விழாம கதவு தானா திறந்து, உள்ள லுஃப்தான்சாங்கற ஜெர்மன் ஏர்லைன் பொண்ணா நடிச்சவ பாட்டில்ல தண்ணி குடிக்கறதை மொத்த சபையும் பாத்துச்சு. பெர்த்தா நடிச்சவங்க திரும்பிக்கூடப் பாக்காம காலால கதவைச் சாத்தினாங்க. அன்னிக்கு விழுந்த பெரிய கைதட்டல் அதுக்குத்தான்.

யாராவது போடப் போறீங்கன்னா: தட்டிக் கதவு வேண்டாம், அறைஞ்சு சாத்தினா சட்டமே ஆடும். நிலையோட மரக்கதவு போடுங்க. எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு முதல் ஒத்திகைக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. வசனம் மனப்பாடம் ஆகறதுக்கு முன்னாடி கதவு மனப்பாடம் ஆகணும். மூணு பைக்கும் மூணு நிறம், கடைசி வரிசைக்கும் தெரியணும். செல்போன் காலத்துக்கு மட்டும் மாத்திடாதீங்க, ஒரு லொகேஷன் ஷேர்ல கதை முடிஞ்சுடும்.

மலபார் எக்ஸ்பிரஸ்:
நான் மேடையில பாக்கல. இதே பேர்ல வந்த பிரியதர்ஷனோட 1985 மலையாளப் படம்தான். மோகன்லாலும் முகேஷும் ஒருத்தரை ஒருத்தர் மாட்டிவிடற இடத்துக்கு இப்பவும் சிரிப்பேன். அதுல சமையல்காரியா சுகுமாரி.

பால்கனி சீட்டு:
விங்ஸ் ஓரம், ஒருத்தி கிளம்பிட்டா சரி. மிச்சம் ரெண்டு பேர்? என் மனைவி பக்கத்துல இருந்து கேக்கச் சொல்றா. தச்சு வேலை யாரும் கேக்கல.