ஏற்காடு மலை ஓட்டமும் விட்டமின் மாத்திரையும்: ஆலோசனை தேவை

வணக்கம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓடிப் பயிற்சி எடுப்பவர்களில் சிலர், ஓடி முடித்த கையோடு விட்டமின் சி 1000 மி.கி., விட்டமின் ஈ 400 காப்ஸ்யூல் போட்டுக்கொள்கிறார்கள். இதை நிறுத்தி, சாப்பாட்டிலேயே ஈடுகட்டும் பட்டியல் ஒன்று தயாரிக்கிறோம். உங்கள் உதவி வேண்டும்.

கடும் பயிற்சியில் தசைக்குள் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் (எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள்) ஓரளவுக்குத் தேவையானவை. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கவும், அந்த ராடிக்கல்களைத் தணிக்கும் உடலின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம்களைக் கூட்டவும் அவைதான் சமிக்ஞை. விட்டமின் சி, ஈ இரண்டும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதால், அதிக அளவு மாத்திரை இந்தச் சமிக்ஞையை மங்கச் செய்யலாம். 2009இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், 4 வாரம் இதே அளவு மாத்திரை எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் கூடவேண்டிய இன்சுலின் உணர்திறன் (இன்சுலினுக்கு உடல் இணங்கி ரத்தச் சர்க்கரையைப் பயன்படுத்தும் திறன்) கூடவில்லை.

ஓட்டத்துக்குப் பின் வரும் தொடைவலிக்கு முக்கியக் காரணம் இறக்கம். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. இறக்கத்தை வாராவாரம் கொஞ்சமாகக் கூட்டினால் தசை பழகிவிடும், மாத்திரையால் அது நடக்காது. சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் (தசை அளவுக்கு மீறிச் சிதைவதன் அறிகுறியாக இருக்கலாம்) தாமதிக்காமல் ஆஸ்பத்திரிதான்.

விட்டமின் சிக்கு ஒரு கொய்யாவோ பெரிய நெல்லிக்காயோ போதும். விட்டமின் ஈக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கூடவே கீரை. நாங்கள் திணறுவது இங்கேதான்: விடியற்காலையில் ஓடிவிட்டு நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கு, மாவுச்சத்தும் 20 கிராம் புரதமும் சேர்ந்த, கையில் எடுத்துப்போகக்கூடிய காலை உணவு என்ன கொடுக்கலாம்? சேலத்தில் ஓட்டத்துக்கு முன்பும் 48 மணி நேரம் கழித்தும் கிரியேட்டின் கைனேஸ் (தசை சேதத்தைக் காட்டும் ரத்த என்சைம்) பரிசோதனையைக் குறைந்த செலவில் செய்ய வழியுண்டா? விளையாட்டு உணவியல் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.